மேளத்துக்குக் கண் உண்டு

நடுவர் அய்யா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போன எதிரணித் தம்பி அவர்களே, எங்கள் அணி அக்கா அவர்களே, பாயிலும் நாற்காலியிலும் இடம் பிடித்தவர்களே, பிடிக்க முடியாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆடுதுறைப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குழுவாக வாசிக்கிற இசை இனிப்பது நேரிலா, பதிவிலா? இதுதான் இன்றைய வழக்கு. நேரில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி பொறியியல் படிக்கிறவர். அடுக்கடுக்காகக் கேட்டார். நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமாகிவிட்டார், இசைத்தட்டு மட்டும் இல்லாவிட்டால் அவரை உங்களுக்கு யார் தெரியும் என்றார். கச்சேரியில் மைக் கூவுகிறது, குழந்தை அழுகிறது, பக்கத்து ஆள் சுண்டல் தின்கிறார், பதிவில் இந்தத் தொல்லையெல்லாம் உண்டா என்றார். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவே மேடையை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அதற்கு என்ன பதில் என்றார். முடிக்கும்போது, "பதிவு என்பது ஊறுகாய், வருஷம் முழுக்கக் கெடாது" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

தம்பி, ஊறுகாய் கெடாதுதான். ஆனால் இலையில் ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டு "சாப்பிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், சம்பந்தி சண்டைக்கு வருகிறாரா இல்லையா என்று.

சம்பந்தி என்றதும் ஒரு கல்யாணம் ஞாபகம் வருகிறது. ஊர் பெயர் வேண்டாம், அந்த வீட்டார் இந்தப் பந்தலிலேயே இருந்தாலும் இருப்பார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று மேளம் வைக்கவில்லை. மாப்பிள்ளையின் நண்பர் செல்போனைப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்து நாதஸ்வரம் போட்டார். காலையிலிருந்து நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அய்யர் கையைத் தூக்கி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். நண்பர் போனில் கெட்டிமேளத்தைத் தேடுகிறார். தேடி எடுத்துத் தொட்டதும் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், "வீட்டுக்கடன் வேண்டுமா?" என்று கேட்கிறது. மாப்பிள்ளை கையில் தாலி. ஐந்து விநாடி கழித்து விளம்பரத்தைத் தவிர்க்கலாம் என்கிறது திரை. முகூர்த்தத்தை யார் நிறுத்திவைப்பது? கடைசியில் பெண்ணின் தாய்மாமன் பக்கத்தில் இருந்த தாம்பாளத்தை எடுத்து கரண்டியால் தட்டினார். அன்றைக்கு அந்தப் பந்தலில் நேரில் வாசித்த ஒரே கலைஞர் அவர்தான்.

கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலோ, வேண்டாத வார்த்தையோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்கு. தவில்காரரைப் பார்த்திருப்பீர்கள். பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டு ஏதோ கவனம் இல்லாதவர் போலத்தான் இருப்பார். கண் மட்டும் மணவறையில். அய்யர் கை முழுசாக உயர்வதற்குள் போய்க்கொண்டிருந்த கீர்த்தனையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு தவிலும் பொரிந்துவிடும். பதிவுக்குத் தாலி எப்போது ஏறுகிறது என்று தெரியாது. யார் கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள், கேட்கிறவர் அழுகிறாரா, தூங்குகிறாரா எதுவும் தெரியாது. மேளத்துக்குக் கண் உண்டு. நான் இன்றைக்குப் பேசப்போவது மொத்தமும் இந்தக் கண்ணைப் பற்றித்தான்.

இந்த மேளம் எங்கே வாசிப்பதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். இங்கே ரயில் ஏறினால் மாயவரம் பக்கம் அடுத்த ஸ்டேஷன் நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சாமரத்தில் கடைகிற நாயனத்துக்கு, அதாவது நாதஸ்வரத்துக்கு, 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாயனத்தை ரங்கநாதன் ஆச்சாரி செய்துகொடுத்த ஊர் அது. பச்சை மரத்தைத் தொடமாட்டார்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில், தலைமுறை தலைமுறையாக உத்தரமாகக் கிடந்து ஈரம் வற்றிப்போன மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். வாயில் வைக்கிற சீவாளி நாணலில் செய்வது. நாயனத்தின் கழுத்தில் ஒரு கொத்துச் சீவாளி தொங்குவதை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பனி இறங்கினால் சீவாளி ஒரு மாதிரி பேசும், வெயில் ஏறினால் வேறு மாதிரி பேசும். ஒன்று மக்கர் பண்ணினால் அடுத்தது. தவில் பலாமரத்தைக் குடைந்தது. வலந்தலை என்கிற ஒரு பக்கத்தில் விரலுக்குக் கூடு மாட்டி அடிக்கிறார்கள், தொப்பி என்கிற மறு பக்கத்தில் பூவரசங்கழியால் அடிக்கிறார்கள்.

இந்த இரண்டையும் பூட்டிய அறைக்குள் கேட்பதற்கென்று யாரும் செய்யவில்லை. மைக் இல்லாத நாளில் சன்னதித் தெருவில் வாசித்தால் மேல வீதித் திண்ணையில் படுத்திருப்பவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தேங்காய்ப் பழத் தட்டோடு வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். சுவாமி இன்னும் எத்தனை வீடு தள்ளி வருகிறார் என்று சமையலறையில் இருக்கிற பாட்டி காதாலேயே சொல்லிவிடுவார்.

புறப்பாடு ஆரம்பிக்கும்போது முதலில் தவில் மட்டும் பேசும். அப்புறம் கம்பீர நாட்டையில் மல்லாரி. அதில் சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது. தளிகை கொண்டுவரும்போது ஒரு மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். தனக்குப் பின்னால் எது வருகிறது, எந்த நடையில் வருகிறது என்று பார்த்து வாசிக்கிற இசை இது. சுவாமியைத் தோளில் சுமந்து வரும் சீர்பாதம் தாங்கிகள் தோள் மாற்ற நின்றால் ராகமும் நிற்கும், அந்த இடத்தில் நாயனக்காரருக்கு என்ன தோன்றுகிறதோ அது வரும். கூட்டம் கேட்கிறது என்று தெரிந்தால் அரைமணி நேரம் கூட ஒரே இடத்தில் நிற்கும். தோள் வலிக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், அது வேறு விஷயம்.

இதே மேளத்தை ஸ்டூடியோவில் கொண்டுபோய் உட்காரவையுங்கள். யார் தோளைப் பார்த்து வாசிப்பார்? எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போன் மாட்டின ஒருவர் கையைக் கீழே கீழே காட்டுகிறார். "அண்ணே, தவில் ரொம்ப வருது, கொஞ்சம் குறைச்சு வாசிங்க." தவிலை எப்படி அய்யா குறைத்து வாசிப்பது?

அதுவும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தால்தான் இந்தப் பேச்சே. இப்போது தவில்காரர் திங்கட்கிழமை வந்து தன் பங்கை வாசித்துவிட்டுப் போகிறார். நாயனக்காரர் புதன்கிழமை வருகிறார். இருவரையும் சேர்த்து வைப்பது காதுக்குள் டிக் டிக் என்று அடிக்கிற கிளிக். தட்டைப் போட்டால் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரம்மா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டிலும் அப்படித்தானே நடக்குது" என்றார். அதை விடுங்கள்.

நேரில் இரண்டு தவில் எதிரெதிரே உட்கார்ந்தால் நடப்பது வேறு. நோட்டீஸில் "ஸ்பெஷல் தவில்" என்று தனியாக அச்சடித்து ஆள் சேர்த்த ஊர்கள் இவை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலைத் தூக்கி மாட்டினால் தவிலுக்கென்றே கூட்டம் வந்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் ஒரு சொல்லைப் போடுகிறார். மற்றவர் அதை வாங்கி, கொஞ்சம் திருப்பி, ஒரு மாத்திரை தள்ளி வைத்துக் கொடுக்கிறார். முன்னவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே முன்வரிசைக்குத் தெரிந்துவிடும், ஏதோ வரப்போகிறது என்று. யாரோ ஒரு பெரியவர் "பலே" என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த ஆவர்த்தனத்தில் இரண்டு மடங்கு வருகிறது. கேட்கிறவரும் அந்தக் குழுவில் ஓர் ஆள். பதிவில் அந்த ஆளைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்கிறார்கள்.

சரி, தம்பியின் பொறியியலுக்கு வருவோம். சிடி தட்டு நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எழுதுகிறது, மனிதக் காதுக்கு எட்டுகிற எதையும் அது விடாது என்றார். கணக்கில் தப்பில்லை. ஆனால் அது அளந்தது மைக் வைத்த இடத்தில் விழுந்ததை. நாலு வீதியும் கோபுர வாசலும் மதில் சுவரும் சேர்ந்து திருப்பிக் கொடுப்பதை எந்த இடத்தில் மைக் வைத்துப் பிடிப்பீர்கள்?

பிடித்தபிறகும் சும்மா விடுவதில்லை. கம்ப்ரஷன் என்று ஒரு வேலை உண்டு. மெல்லிய இடத்தை ஏற்றி, ஓங்கின இடத்தை அமுக்கி, பஸ்ஸிலும் காரிலும் ஒரே சீராகக் கேட்கிற மாதிரி செய்துவிடுவார்கள். அளவோடு செய்தால் குற்றமில்லை. 1990-களிலிருந்து யார் தட்டு அதிகச் சத்தம் என்று போட்டியே நடந்து, உலகம் முழுக்கப் பல பேண்டுகளின் பாட்டு ஒரே மட்டத்துக்கு அமுங்கிப்போனது. மேளத்தின் ருசியே அந்த மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது. ராகம் இறங்கி இறங்கி, நின்றுவிட்டதோ என்று நாம் கழுத்தை நீட்டும்போது தவில் விழ வேண்டும். பள்ளத்தைத் தூர்த்துவிட்டால் எங்கிருந்து விழும்?

இவ்வளவும் ஆனபிறகு எதில் கேட்கிறோம்? செல்போனில். அதன் ஸ்பீக்கர் என் கட்டைவிரல் நகம் அகலம்கூடக் கிடையாது. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அந்தச் சின்னத் தகட்டால் அது ஆகாது. தொப்பிப் பக்கத்துக் கும்காரம் அதோடு போயிற்று. வலந்தலை மட்டும் டக்டக்கென்று கேட்கும். பாதித் தவில். நேரில் நின்றால் தொப்பி அடி முதலில் நெஞ்சில்தான் விழும், காது அப்புறம்தான் கேட்கும். பிறவியிலேயே காது கேளாதவர்கள் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று தாளம் போடுவதை நம் கோயில் வாசலில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்தத் தட்டைக் கொடுப்பீர்கள்?

இனி ராஜரத்தினம் பிள்ளை. தம்பி அவர் பெயரை எடுத்ததில் எனக்குச் சந்தோஷம், நான் எடுப்பதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. 1898-ல் பிறந்தவர், ஆதீன வித்துவான், தோடி ராகம் என்றால் அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் யாரும் அடுத்த வார்த்தை பேசமாட்டார்கள். இரவில் எடுத்த தோடி மணிக்கணக்கில் போகும். அவரைப் பதிந்தது எதில்? 78 சுற்றுத் தட்டில். பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் ராகமும் முடிந்தாக வேண்டும். காந்தாரத்தில் ஒரு தரம் நின்றால் கீழே இறங்க மனசு வராத மனிதர் அவர். அவரைக் கடிகாரத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னார்கள். அப்படியும் அந்த மூன்று நிமிடத்தில் அவர் என்னென்ன செய்திருக்கிறார் என்று கேட்டால் மயிர்க்கூச்செறியும், அதை மறுக்கவில்லை. அந்தத் தட்டு ஊர் ஊராக ஓடியது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் தட்டைக் கேட்டவர்கள் "போதும், கேட்டாகிவிட்டது" என்று வீட்டில் படுத்துக்கொண்டார்களா? வண்டியைக் கட்டிக்கொண்டு அவர் வாசிக்கிற திருவிழாவைத் தேடி வந்தார்கள். தட்டு ஆளைக் கிளப்பிவிட்டது. கேட்டது வீதியில்.

இசைத்தட்டு இல்லாவிட்டால் அவரை யாருக்குத் தெரியும் என்றால், எனக்குத் தெரிந்திருக்காது. பதிவே வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? எது மிஞ்சும் என்று நடுவர் தலைப்பு கொடுத்திருந்தால் நான் தம்பி பக்கம் நாற்காலியைப் போட்டிருப்பேன். தலைப்பு எது இனிக்கும் என்பது. அவரை நேரில் கேட்ட கிழவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். தட்டைப் போட்டால் கண்ணை மூடிக் கேட்பார்கள், முடிந்ததும் "இது எங்கே, அது எங்கே" என்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெருமை பேசுவதாகப்பட்டது. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மூன்று நிமிடத்தையும் மூன்று மணி நேரத்தையும் கேட்டவர் வேறு எப்படிச் சொல்லுவார்?

அதற்கு முந்தின காலம் இன்னும் மோசம். 1925 வாக்கில் மின்சார மைக் வருவதற்கு முன்னால், ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று வாசித்துத்தான் பதிந்தார்கள். சத்தமான வாத்தியத்தைத் தள்ளிப் பின்னால் நிறுத்துவார்கள். குழுவில் யார் எங்கே நிற்பது என்பதைப் புனல்தான் முடிவு செய்தது.

தப்பாட்டக்காரர்களை ஏன் விட வேண்டும்? ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். பனியில் தோல் தளர்ந்தால் நடுவில் நிறுத்தி மறுபடி காய்ச்சுவார்கள். அந்தச் சூட்டில்தான் அந்தச் சத்தம். ஏசி போட்ட ஸ்டூடியோவில் வைக்கோலைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு, தப்பு அடிக்கிறவர் ஆடிக்கொண்டே அடிக்கிறவர். அங்கே போனால், "அசையாதீங்க அண்ணே, சத்தம் மாறுது" என்பார்கள். அசைந்தால்தானே அது தப்பாட்டம்?

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. டிவியில் பார்த்தால் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிற நாலைந்து பேர் குரல்தான் கேட்கும். பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும், நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீராகம் வரை, ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து கேளுங்கள். வலது பக்கம் ஒரு பாட்டி, இடது பக்கம் கல்லூரிப் பெண், பின்னால் சுருதிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவர். அவரையும் சேர்த்துத்தான் அது நன்றாக இருக்கிறது.

பேண்டு என்றால் நமக்கு அந்நியம் என்று எங்கள் அக்கா சொன்னதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. 1798-லிருந்து 1832 வரை தஞ்சாவூரில் இருந்த சரபோஜி மன்னர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். மேற்கே பிறந்த கிளாரினெட்டைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் நிலைநாட்டிய திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆகவே தம்பியின் பீட்டில்ஸையும் பந்தலுக்குள் விடலாம்.

அவர்கள் 1966-ல் ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்தினார்கள், உண்மை. ஏன்? 1965-ல் நியூயார்க்கில் ஒரு விளையாட்டு மைதானத்தில் 55,000 பேருக்கு முன்னால் வாசித்தார்கள். அன்றைக்கு இருந்த ஒலிபெருக்கி அந்தக் கூட்டத்தின் அலறலுக்கு முன்னால் நிற்கவில்லை. கூட்டத்துக்கும் பாட்டு கேட்கவில்லை, மேடையில் இருந்த நாலு பேருக்கும் ஒருவர் வாசிப்பது ஒருவருக்குக் கேட்கவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் முன்னால் நிற்பவர்களின் முதுகு அசைவதைப் பார்த்துத் தாளம் போட்டார். இது யார் பக்கத்துச் சாட்சி? ஒருவரை ஒருவர் கேட்க முடியாமல் போனால் குழு குழுவாக இருக்க முடியாது என்றுதானே இவ்வளவு நேரமாக நான் சொல்கிறேன்! அந்தக் குழு கடைசியாக மக்கள் முன்னால் எங்கே வாசித்தது தெரியுமா தம்பி? 1969 ஜனவரி 30, லண்டனில் தங்கள் அலுவலகத்து மொட்டை மாடியில். நல்ல குளிர். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், பக்கத்துக் கட்டடக் கூரையில் ஏறி நிற்கிறார்கள், போலீஸ் வந்து நிறுத்துகிற வரைக்கும் வாசித்தார்கள். ஸ்டூடியோ போதும் என்றிருந்தால் குளிரில் மாடி ஏறுவானேன்?

அமெரிக்காவில் கிஸ் என்று ஒரு பேண்டு. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஆடுவார்கள். நம் ஊர் தெருக்கூத்துக்காரர் பார்த்தால் "நம்ம ஆள்" என்று கட்டிக்கொள்வார். முதல் மூன்று ஆல்பமும் சொல்லிக்கொள்கிற மாதிரி விற்கவில்லை. 1975-ல் மேடையில் வாசித்ததை ஆல்பமாகப் போட்டதும் பிய்த்துக்கொண்டு போனது. ஆல்மன் பிரதர்ஸ் பேண்டுக்கும் அதே கதை, 1971-ல் நியூயார்க் அரங்கில் வாசித்த பதிவுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. தம்பி எழுந்து, "கிஸ் ஆல்பத்தில் பிற்பாடு ஸ்டூடியோவில் ஒட்டு வேலை நடந்ததே, தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியும். நன்றாக நடந்தது. ஸ்டூடியோவில் செய்ததைக்கூட மேடையில் வாசித்தது மாதிரி காட்டினால்தான் விற்கிறது என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது, அதைத்தான் அது காட்டுகிறது.

கிரேட்ஃபுல் டெட் என்று இன்னொரு குழு, 1965-லிருந்து 1995 வரை வாசித்தது. நேற்று வாசித்த மாதிரி இன்றைக்கு வாசிக்கமாட்டார்கள். ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்தால் துரத்தாமல், 1984-ல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதுவும் பதிவுதானே என்பார் தம்பி. பதிவுதான். ஆனால் அந்த ரசிகர்கள் கடையில் விற்ற ஸ்டூடியோத் தட்டை விட்டுவிட்டு எதைத் தேடிப் போய்ப் பதிந்தார்கள் என்று பாருங்கள். இவ்வளவு தூரம் போவானேன், 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானாவும் ராப்பும் பறையுமாக மேடை ஏறியபோது ஊருக்கு அவர்களை அறிமுகப்படுத்தியது அந்த மேடைதான்.

ஒரு இடத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். திரைப்பாட்டு. அது ஸ்டூடியோவிலேயே பிறந்து, பதிவாவதற்கென்றே வளர்ந்தது. அதை மேடையில் கேட்கும்போது, "தட்டில் இருக்கிற மாதிரியே இருக்கா?" என்றுதான் நாம் பார்க்கிறோம். அங்கே தட்டுதான் அசல், மேடை நகல். அதைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும். அதேபோல, நேரில் வாசிக்கிறவர் எல்லோரும் நன்றாக வாசிக்கிறார் என்றும் நான் சொல்லவில்லை. தூங்கி வழிகிற மேளம் உண்டு. எங்கே? கல்யாண வரவேற்பில், ஐநூறு பேர் முதுகைத் திருப்பிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்கிற இடத்தில். முன்னால் நாலு பேர் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், அதே ஆள் நிமிர்ந்து உட்காருவார். கண் இருக்கிறது என்றேனே, அந்தக் கண்ணால் அவர் நம்மையும் பார்க்கிறார்.

மைக் கூவுகிறது என்றார். கூவட்டும், அது மைக்கின் குற்றம். நாயனத்துக்கு எதற்கு மைக் வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குழந்தை அழுகிறது என்றார். நல்ல மேளம் வந்தால் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும், இதைத் தாய்மார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்டலுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக ஒன்று, இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. பல கோயில்களில் இப்போது ஒரு பெட்டி வந்திருக்கிறது. மோட்டார், ஒரு முரசு, ஒரு மணி. சுவிட்சைப் போட்டால் டும் டும் டங் டங். தீபாராதனை முடிந்தால் சுவிட்சை அணைக்கலாம், அணைக்க மறந்தால் திரை போட்டபிறகும் அடித்துக்கொண்டே இருக்கும். அர்ச்சகரையும் குறை சொல்ல முடியாது, மேளத்துக்குச் சம்பளம் கொடுக்க வருமானம் இல்லாத கோயில்கள் எத்தனையோ. ஆனால் ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஒரு குடும்பம் நின்றது. விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளை பார்த்து வாசித்தது. பையன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று தாளம் போட்டு, ஒத்து ஊதி, அப்புறம்தான் நாயனத்தைத் தொட்டான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எந்தப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? நேரில் வாசிக்க ஆள் இல்லாமல் போனால், தம்பி, நாளைக்கு நீங்கள் எதைப் பதிவு செய்வீர்கள்?

நடுவர் மணியை எடுத்துவிட்டார், அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன். இன்றைக்கு இரவு சுவாமி புறப்பாடு. இரண்டு நாயனம், இரண்டு தவில், நல்ல மேளம் என்று விசாரித்துவிட்டேன். எதிரணித் தம்பி கூட வரட்டும். தன்னிடம் இருக்கிற நல்ல கருவியிலேயே முழுவதையும் பதிந்துகொள்ளட்டும். நாளைக் காலையில் வீட்டில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணட்டும், அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நடுவர் அய்யா, உங்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பை மட்டும் புறப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மல்லாரி ஆரம்பித்துவிட்டால் உங்கள் மைக் யார் காதிலும் விழாது.

நன்றி, வணக்கம்.